கை மரப்புக்கு வைட்டமின் மாத்திரை: எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது?

விடியற்காலையில் எழுந்து நான்கைந்து மாடுகளைக் கையால் கறக்கும் விவசாயிகள் பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு. இரவில் தூங்கும்போது கை மரத்துப் போகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றில் ஊசி குத்துவது போலிருக்கிறது. எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சற்று நேரத்தில் சரியாகிறது. நாளடைவில் பகலிலும் மரப்பு வருகிறது. பால் செம்பு கையைவிட்டு நழுவுகிறது. சட்டைக்குப் பித்தான் போட வரவில்லை.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் பகுதிகளில் உள்ள சிறு விவசாயக் குடும்பங்களில், ஒருவர் நிலத்தையும் மாட்டையும் பார்த்துக்கொள்ள, மற்றவர் எண்ணூர், திருவொற்றியூர், மணலி ஆலைகளுக்கோ துறைமுகத்திற்கோ வேலைக்குப் போவது வழக்கம். இரண்டையும் ஒருவரே செய்வதும் உண்டு. காலையில் பால் கறந்த கை, பகல் ஷிப்டில் அதிரும் கருவியைப் பிடிக்கிறது. இராயபுரம் காசிமேட்டில் பனிக்கட்டியில் கிடந்த இறாலை உரிக்கும் பெண்களின் கைகளுக்கும் இதே பாடுதான்.

இந்த மரப்பை நம் மக்கள் 'நரம்புத் தளர்ச்சி' என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறார்கள். மருந்துக் கடைக்குப் போய் 'நரம்புக்குச் சத்து மாத்திரை' என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அந்த மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பவை பி1, பி6, பி12 என்னும் வைட்டமின்கள். இவை சிலருக்கு மிகவும் தேவையானவை. சிலருக்கு ஒரு பயனும் தராதவை. இவற்றில் பி6 அளவு மீறினால் அதே நரம்பைக் கெடுக்கக் கூடியது. நம் கை இவற்றில் எந்த வகை என்று தெரிந்துகொள்வது எப்படி என்பதை இங்கே பார்ப்போம்.

மணிக்கட்டில் நடப்பது என்ன?

உள்ளங்கை தொடங்கும் இடத்தில், மணிக்கட்டு எலும்புகள் ஒரு சிறு வாய்க்காலைப் போல வளைந்து அமைந்துள்ளன. அந்த வாய்க்காலின் மேல் தடித்த நார்ப்பட்டை ஒன்று மூடிபோல் போர்த்தியிருக்கிறது. எலும்புக்கும் நார்ப்பட்டைக்கும் இடையே உள்ள குறுகலான வழியில் விரல்களை மடக்கும் 9 நாண்களும், நடுநரம்பு எனப்படும் ஒரு நரம்பும் செல்கின்றன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி தருவது இந்த நரம்பே. கட்டைவிரலின் அடியில் மேடாக இருக்கும் தசையை இயக்குவதும் இதுவே.

மணிக்கட்டை மடக்கியபடி ஓயாமல் அழுத்தமான வேலை செய்தால் நாண்களைச் சுற்றியுள்ள உறை தடித்து வீங்குகிறது. எலும்பும் நார்ப்பட்டையும் விரிந்து கொடுப்பதில்லை. ஆகவே நடுவில் இருக்கும் நரம்பு நசுங்குகிறது. இதைத்தான் டாக்டர்கள் 'கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்' என்கிறார்கள். நாம் மணிக்கட்டுக் குகை நோய் என்று சொல்லலாம்.

வேலை மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, மூட்டுவாதம், உடற்பருமன் ஆகியவை உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இது வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. கர்ப்பிணிகளில் பலருக்குப் பிரசவத்திற்குப் பின் தானாகவே குறைந்துவிடும்.

பட்டினி நரம்பும் நசுங்கிய நரம்பும்

பயிர் வாடி நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். மண்ணில் சத்து இல்லாமல் இருக்கலாம். அல்லது வாய்க்காலில் கல் விழுந்து தண்ணீர் வராமல் இருக்கலாம். துத்தநாகம் குறைந்த நெல் வயலில் இலை துருப்பிடித்தாற்போல் ஆகும்போது ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இட்டால் பயிர் தேறுகிறது. ஆனால் வாய்க்காலில் கல் அடைத்துக்கொண்டிருக்கும்போது எத்தனை மூட்டை உரம் போட்டாலும் பயன் இல்லை. கல்லைத்தான் எடுக்க வேண்டும்.

நரம்பின் கதையும் இதுதான். வைட்டமின் குறைந்து நரம்பு பட்டினி கிடந்தால், வைட்டமின் கொடுக்கக் கொடுக்க அது தேறும். மணிக்கட்டில் நரம்பு நசுங்கிக் கிடந்தால், நசுக்குவதை நிறுத்தாமல் வைட்டமின் கொடுப்பதில் பலன் இல்லை. இரண்டிலும் விரல் மரக்கிறது. இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுவதால்தான் தவறு நேர்கிறது.

நம் மண்ணில் நடந்த இரண்டு ஆராய்ச்சிகள்

சத்துக் குறைவால் நரம்பு கெடும் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஆராய்ச்சிகளில் இரண்டு தமிழ்நாட்டோடு தொடர்புடையவை.

முதலாவது பெரிபெரி நோய் பற்றியது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஒரே ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி பற்றிய விசாரணையைத் தொடங்கினார். அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியான சர்க்கார் மாவட்டங்களில், ஆலையில் நன்றாகத் தீட்டிய பச்சரிசியை உண்டவர்களிடையே இந்நோய் காணப்பட்டது. கை கால் மரத்து, நடை தளர்ந்து, சிலருக்கு இதயமும் பாதிக்கப்பட்டது. தவிட்டோடு பி1 வைட்டமின் போய்விடுவதே காரணம். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள இந்த வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. புழுங்கலரிசி உண்ட தென்பகுதி மக்கள் இந்நோயிலிருந்து பெரிதும் தப்பியதற்கு இதுவே காரணம். குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய அந்த ஆராய்ச்சி நிலையம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே.

இரண்டாவது ஆராய்ச்சி சென்னை நகரிலேயே நடந்தது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. நோயாளியைச் சானடோரியத்தில் சேர்க்காமல், வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று அந்த மையம் 1959-இல் வெளியிட்ட அறிக்கை உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. அங்கே ஐசோநயசிட் என்னும் மருந்தை அதிக அளவில் சாப்பிட்ட ஏழை நோயாளிகளில் சிலருக்குக் கை, கால்களில் எரிச்சலும் மரப்பும் வந்தன. ஐசோநயசிட் உடலில் உள்ள பி6 வைட்டமினின் வேலையைத் தடுத்து, அதைச் சிறுநீரில் வெளியேற்றியும் விடுகிறது. இந்த மருந்தை மெதுவாகக் கழிக்கும் உடல்வாகு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். நம் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அப்படிப்பட்டவர்கள்.

மருந்தோடு பி6 கொடுத்தால் என்ன ஆகும் என்று மையத்தினர் சோதித்தனர். நாள் ஒன்றுக்கு 6 மில்லிகிராம் பைரிடாக்சின், அதாவது பி6 கொடுத்தாலே நரம்புக் கோளாறு வராமல் தடுக்கலாம் என்று 1963-இல் வெளியான அறிக்கை காட்டியது. 6 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. உண்மையிலேயே குறை இருக்கும் இடத்தில், சிறிதளவு சத்தே போதுமானது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இன்றும் ஐசோநயசிட் சாப்பிடுவோரில் நரம்புக் கோளாறு வரக்கூடியவர்களுக்கு டாக்டர்கள் பைரிடாக்சினைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். காசநோய்க்கு மருந்து சாப்பிடும்போது கை, கால் எரிந்தால் மருந்தை நிறுத்திவிடாமல், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மணிக்கட்டு நோய்க்குப் பி6 வந்த கதை

சரி, நசுங்கிய நரம்புக்கும் பி6 கொடுக்கும் வழக்கம் எப்படி வந்தது? அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூர் டாக்டராக இருந்த ஜான் எல்லிஸ், தம்மிடம் வந்த மணிக்கட்டு நோயாளிகளுக்கு பி6 கொடுத்துக் குணம் கண்டதாக எழுதினார். அவருடன் சேர்ந்தவர் கார்ல் ஃபோக்கர்ஸ். 1939-இல் பி6 வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்தவர்களில் ஒருவர் அவர். மணிக்கட்டு நோயாளிகளின் இரத்தத்தில் பி6 குறைவாக இருக்கிறது, அதை ஈடு செய்தால் அறுவையே தேவைப்படாது என்பது அவர்கள் கருத்து. 1970-களிலும் 1982-லும் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் பலரைக் கவர்ந்தன. அறுவைக்கு அஞ்சும் நோயாளிக்கு மாத்திரை என்றால் மகிழ்ச்சிதானே!

ஆனால் அவர்கள் சோதித்த நோயாளிகள் சிலரே. புதிய விதையை ஒரு வயலில் மட்டும் விதைத்து, அமோக விளைச்சல் என்று சொன்னால் நாம் உடனே நம்புவதில்லை. பக்கத்திலேயே பழைய விதையையும் விதைத்து, ஒரே உரம், ஒரே தண்ணீர் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறோம். பல ஊர்களில் திரும்பச் செய்து பார்க்கிறோம். இந்த நோயில் அப்படிப் பார்ப்பது இன்னும் அவசியம். ஏனெனில் அறுவடை முடிந்து கைக்கு ஓய்வு கிடைத்தால் மரப்பு தானாகவே குறையும். அந்தச் சமயத்தில் மாத்திரை சாப்பிட்டிருந்தால், குணமானது மாத்திரையால் என்றே தோன்றும்.

மற்ற டாக்டர்கள் அப்படி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1993-இல் கனடாவில் வெளியான சோதனையில் 35 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 200 மில்லிகிராம் பி6 மாத்திரையும், மற்றவர்களுக்கு அதேபோல் தோற்றமளிக்கும் வெறும் மாத்திரையும் 12 வாரம் கொடுத்தார்கள். யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது நோயாளிக்குத் தெரியாது. இரவு வலி, மரப்பு, ஊசி குத்தல் ஆகிய முக்கியத் தொல்லைகளில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதன்பின் எல்லாச் சோதனைகளையும் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தவர்களும், இந்நோய்க்குப் பி6 பலன் தருகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடிவு செய்தனர்.

அளவு மீறினால் நஞ்சு

'பலன் இல்லாவிட்டால் போகட்டும், சத்துத்தானே, கெடுதல் என்ன?' என்று கேட்கலாம். கெடுதல் உண்டு. பயிருக்குப் போரான் சத்து தேவை. ஆனால் சிறிது கூடினாலும் இலை ஓரம் கருகிவிடும். பி6 வைட்டமினும் அப்படிப்பட்டதே. 1983-இல் அமெரிக்க மருத்துவர்கள் 7 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் நாள்தோறும் 2 முதல் 6 கிராம் வரை பி6 சாப்பிட்டு வந்தவர்கள். கை, கால் உணர்ச்சி இழந்து, கண்ணை மூடினால் நிற்க முடியாத நிலைக்கு வந்தார்கள். எந்த நரம்பைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சாப்பிடுகிறோமோ, அதே நரம்பை இந்த வைட்டமினின் மிகுதி கெடுத்துவிட்டது. மாத்திரையை நிறுத்தியபின் தேறுவதற்குப் பல மாதங்கள் ஆயின.

பின்னர் இதைவிடக் குறைந்த அளவிலேயே, நீண்ட நாள் சாப்பிட்டவர்களிடம் இத்தகைய கேடு காணப்பட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒருவர் நாள்தோறும் நீண்ட காலம் சாப்பிடத்தக்க மேல் வரம்பை 2023-இல் 12 மில்லிகிராமாகக் குறைத்தது. நம் உடலுக்கு அன்றாடம் தேவைப்படுவது ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிகிராம் மட்டுமே. கடையில் விற்கும் மாத்திரைகளில் சிலவற்றில் 50, 100 மில்லிகிராம் கூட இருக்கிறது. ஆகவே அட்டையின் பின்புறம் 'பைரிடாக்சின்' என்ற பெயருக்கு எதிரே உள்ள எண்ணைப் படித்துப் பார்க்க வேண்டும். இரண்டு வகைச் சத்து மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிட்டால் அளவும் சேர்ந்துவிடும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எதையும் சாப்பிடக் கூடாது.

எந்த விரல் மரக்கிறது?

மண் பரிசோதனைக்கு முன் நாமே மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பதுபோல், டாக்டரிடம் போகும் முன் நம் விரல்களை நாமே கவனிக்கலாம். கீழ்க்கண்டவற்றைக் குறித்துக்கொண்டு போய்ச் சொன்னால் டாக்டருக்கும் உதவியாக இருக்கும்.

1. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி மரத்து, சுண்டுவிரல் நன்றாக இருந்தால், இரவில் விழிப்பு வந்து கையை உதறினால் குறைந்தால், மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்க இடமுண்டு.

2. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழ்நோக்கியிருக்க மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அதே விரல்கள் மரக்கத் தொடங்கினால் சந்தேகம் வலுக்கிறது.

3. சுண்டுவிரல் பக்கம் மட்டும் மரத்தால் கோளாறு வேறு நரம்பில் உள்ளது. உணர்ச்சியற்ற வெளிறிய அல்லது சிவந்த தேமல் உடலில் எங்காவது இருந்தால், தொழுநோய்க்கான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதற்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். தொடக்கத்திலேயே மருந்து சாப்பிட்டால் கை கோணாது.

4. இரண்டு பாதங்களிலும் தொடங்கி, பிறகு கைகளுக்கு ஏறும் மரப்பு, உடல் முழுவதற்குமான காரணத்தைக் காட்டுகிறது. சர்க்கரை நோய், மது, பி12 குறைவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மீன், முட்டை, பால் எதையும் தொடாதவர்களுக்கும், வயதானவர்களுக்கும், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையலாம். இவர்களுக்குத்தான் வைட்டமின் உண்மையான மருந்து. தாமதித்தால் கெட்ட நரம்பு முழுமையாகத் திரும்பாது.

5. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சி மருந்துகளில் சில, கடுமையாக நஞ்சேறிப் பிழைத்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் மரப்பையும் தளர்ச்சியையும் உண்டாக்கும். மருந்து தெளித்த விவரத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒருவருக்கே நசுங்கலும் சத்துக் குறைவும் சேர்ந்து இருப்பதும் உண்டு. ஆகவே பரிசோதனை இல்லாமல் நாமே முடிவுக்கு வரக் கூடாது.

டாக்டர் என்ன செய்வார்?

முதலில் சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்வார். தேவைப்பட்டால் நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று அளந்து பார்ப்பார். மணிக்கட்டில் அது மெதுவாகச் சென்றால் நரம்பு நசுங்கியிருப்பது உறுதி.

நோய் தொடக்க நிலையில் இருந்தால், இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையைச் சில வாரங்கள் கட்டிக்கொண்டு தூங்கச் சொல்வார். தூக்கத்தில் நாம் அறியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்வதை இது தடுக்கிறது. விலை மலிவானது, பலருக்கு இதுவே நல்ல பலன் தருகிறது. போதாவிட்டால் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போடுவார். இதனால் பலருக்குச் சில மாதங்கள் நிவாரணம் கிடைக்கும். அதற்கும் அடங்காவிட்டால், அல்லது தசை மெலியத் தொடங்கிவிட்டால், மூடியாக இருக்கும் நார்ப்பட்டையை வெட்டி விடுவார். வாய்க்காலில் விழுந்த கல்லை எடுப்பது போன்றது இது. கையை மட்டும் மரக்கச் செய்து, சிறிது நேரத்தில் முடிக்கக்கூடிய அறுவை. பெரும்பாலும் அன்றே வீட்டுக்குத் திரும்பலாம்.

வடசென்னையிலும் அதைச் சுற்றியும் உள்ளவர்கள் இதற்குத் தொலைவில் போக வேண்டியதில்லை. இராயபுரம் அருகே பழைய ஜெயில் ரோட்டில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனியாக ஆராய்ச்சி மற்றும் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. ஆலை இயந்திரங்களில் கை சிக்கிய தொழிலாளர்கள் பெருமளவில் வந்து சேர்ந்த மருத்துவமனை அது. அந்தக் கைகளைக் காப்பாற்றுவதற்காகப் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைப் பிரிவே பின்னர் இந்த நிலையமாக வளர்ந்தது. மீஞ்சூர், பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் வரலாம்.

அறுவை செய்த கையால் சில வாரங்களுக்குப் பால் கறக்கவோ பாரம் தூக்கவோ முடியாது. சிறு விவசாயிக்கு இதுதான் பெரிய கவலை. காத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னால், பசு கன்று ஈனுவதற்கு முன் கறவையை நிறுத்தும் இரண்டு மாதங்களில் அறுவையை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டைவிரல் அடி மேடு பள்ளமாகிவிட்டால், கட்டைவிரலைச் சுண்டுவிரலுக்கு எதிராகத் தூக்கிச் சேர்க்க முடியாவிட்டால், மரப்பு இரவு பகலாக மாறாமல் இருந்தால், காத்திருக்கக் கூடாது. மெலிந்த தசை மீண்டும் முழுமையாக வளராமலே போகலாம். மாத்திரையை நம்பி ஓராண்டு கழித்தவர்கள் இழப்பது மாத்திரைக்குக் கொடுத்த பணத்தை மட்டும் அல்ல, கட்டைவிரலின் வலிமையையும்தான்.

கறக்கும் முறையை மாற்றுங்கள்

நரம்பை நசுக்கும் வேலையைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

கட்டைவிரலை உள்ளே மடக்கி, அதன் கணுவால் காம்பை அழுத்திக் கறப்பது நம் ஊர்களில் பரவலாக உள்ள பழக்கம். இது மாட்டின் காம்புக்கும் கேடு, கறப்பவரின் கட்டைவிரலுக்கும் கேடு. காம்பின் உட்புறம் காயம்பட்டு மடிவீக்க நோய்க்கு வழி ஏற்படுகிறது. இதற்குப் பதிலாக முழுக்கை முறையில் கறக்க வேண்டும். காம்பு முழுவதையும் உள்ளங்கையில் பிடித்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு விரலாக அழுத்த வேண்டும். கட்டைவிரல் வெளியே நீண்டிருக்க வேண்டும். இதனால் அழுத்தம் பல விரல்களுக்கும் பகிர்ந்து போகிறது. காம்பு மிகச் சிறியதாக இருந்தால் மட்டும் இரண்டு விரல்களால் உருவிக் கறக்கலாம்.

தரையில் குந்தி உட்கார்ந்து கையை மேலே தூக்கிக் கறந்தால் மணிக்கட்டு மடங்கும். மடியின் உயரத்திற்கு ஏற்ற முக்காலியில் உட்கார்ந்து, முழங்கை விலாவை ஒட்டியிருக்க, மணிக்கட்டு முன்கையோடு நேராக இருக்கும்படி கறக்க வேண்டும்.

மடியைக் கழுவித் துடைத்தவுடன் பால் இறங்குகிறது. அந்த இறக்கம் 5 முதல் 7 நிமிடம் வரையே நிற்கும். ஆகவே ஒரு மாட்டை நடுவில் நிறுத்தி ஓய்வெடுப்பது சரியல்ல. ஒரு மாட்டுக்கும் அடுத்த மாட்டுக்கும் இடையே சில நிமிடம் கையை விரித்து மடக்கி ஓய்வு கொடுக்கலாம். வீட்டில் இரண்டு பேர் கறக்கப் பழகிக்கொண்டால் கைப்பாரம் பாதியாகிறது. மாடு ஐந்துக்கு மேல் இருந்தால், பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரு வாளி கொண்ட சிறு கறவை இயந்திரம் வாங்குவது பற்றி யோசிக்கலாம். ஆனால் ஒவ்வொரு மாட்டுக்கும் இடையிலும், கறந்து முடித்த பிறகும் அதைச் சுத்தம் செய்யத் தவறக் கூடாது. தவறினால் மடி நோய் மாட்டுக்கு மாடு பரவும்.

வயல் வேலையிலும் இதே கவனம் வேண்டும். மழுங்கிய அரிவாளுக்கு இரண்டு பங்கு பலம் தேவை. ஆகவே கருக்கரிவாளின் பற்களைக் கூராக வைத்துக்கொள்ள வேண்டும். மெல்லிய பிடி உள்ள கருவிகளில் துணி அல்லது சைக்கிள் டியூப் சுற்றிப் பிடியைத் தடிப்பாக்கலாம். கைத்தெளிப்பானின் நெம்புகோலை ஒரே கையால் அடிக்காமல் தோளை மாற்றி மாட்டிக்கொள்ள வேண்டும். பவர் டில்லர் ஓட்டுபவரும், ஆலையில் அதிரும் கருவி பிடிப்பவரும் இடையிடையே நிறுத்தி, கையைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டும். பனிக்கட்டியில் வேலை செய்யும் பெண்களுக்குக் கையுறை உதவும். பகலில் ஆலையில் அதிரும் கருவியைப் பிடித்தவரே மாலையிலும் பால் கறக்காமல், வீட்டில் மற்றொருவர் அந்த வேளையை ஏற்றுக்கொள்வது நல்லது.

சத்தைத் தட்டிலிருந்தே பெறலாம்

அன்றாடம் தேவைப்படும் பி6 வைட்டமினைச் சாதாரண உணவே கொடுக்கிறது. மீன், கோழி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், கொண்டைக்கடலை, தவிடு முழுவதும் நீக்காத அரிசி ஆகியவற்றில் பி6 இருக்கிறது. பி12 வைட்டமின் பயிரில் கிடைப்பதில்லை. அது மீன், முட்டை, பால், ஈரல் போன்றவற்றில்தான் உண்டு. மாடு புல்லைத் தின்றாலும், அதன் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் கோபால்ட் என்னும் தாதுவைக் கொண்டு பி12 வைட்டமினைத் தயாரிக்கின்றன. அதுவே பாலில் நமக்குக் கிடைக்கிறது. கறந்த பால் முழுவதையும் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, வீட்டில் கருப்புக் காப்பி குடிக்கும் குடும்பங்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு டம்ளர் பாலாவது வீட்டுக்கென்று எடுத்து வைப்பது நல்லது.

சுருக்கமாகச் சொன்னால்

கை மரத்தால் எந்த விரல், எந்த நேரம் என்று கவனியுங்கள். காசநோய் மருந்து சாப்பிடுபவருக்கும், பி12 குறைந்தவருக்கும், போதிய உணவில்லாதவருக்கும் டாக்டர் எழுதிக் கொடுக்கும் வைட்டமின் அவசியமானது. அதைத் தவறாமல் சாப்பிடுங்கள். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியவருக்கு இரவுப் பட்டையும், ஓய்வும், கறக்கும் முறை மாற்றமும், தேவையானால் அறுவையுமே சிகிச்சை. எதுவானாலும் கடைக்காரரைக் கேட்டு மாதக்கணக்கில் பி6 மாத்திரை சாப்பிடாதீர்கள். ஒரு மாதத்திற்கு மேல் மரப்பு நீடித்தால், அடுத்த அறுவடை முடியட்டும் என்று தள்ளிப் போடாமல், அரசு மருத்துவமனைக்குப் போய்க் கையைக் காட்டுங்கள்.